ஆட்டத்துக்கு முன் ஆரூடம்



கோடை விடுமுறை கழிந்து கல்லூரிகள் திறக்கும் நாள்களில், அத்திபெலே பேருந்து நிறுத்தத்தில் காலை வேளையில் நின்று கேட்டால், ஒரு புதுவகை ஜோசியம் காதில் விழும். சந்தாபுரத்துக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நகரத்துக்குமாகப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள், புத்தகப் பையை முதுகிலும் காலணிப் பையைத் தோளிலும் மாட்டிக்கொண்டு பேசும் பேச்சு அது.

"போன வருஷம் அரை இறுதி வரைக்கும் போனோம். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்பான் ஒருவன்.

"யாரை வச்சுக்கிட்டு? சென்டர் ஆடின அண்ணன் படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போயாச்சே!" என்பான் மற்றவன்.

"சேலத்துலேருந்து புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காராம். ஆறடி நாலங்குலமாம்" என்பாள் அருகில் நிற்கும் பெண்.

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிய பேச்சுத்தான் இது. ஆட்டப் பருவம் தொடங்க இன்னும் பல வாரங்கள் இருக்கும். அந்தப் புதிய மாணவனை இவர்களில் எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் பேருந்து சந்தாபுரத்தை அடைவதற்குள் அவனுடைய ஆறடி நாலங்குலம் ஆறடி ஆறங்குலமாக வளர்ந்துவிடும்!

இவ்வாறு முன்கூட்டிக் கணித்துப் பேசுவதைப் பெரியவர்கள் வீண் அரட்டை என்று ஒதுக்கிவிடுவதுண்டு. என் அபிப்பிராயம் வேறு. கல்லூரி அணியைப் பற்றிய ஹேஷ்யத்தில், பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றோர் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. அதனை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கல்லூரி அணியின் இயல்பைக் கவனிப்போம். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் ரயில் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எண் மாறுவதில்லை, பெயர் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் சிலர் இறங்குகின்றனர், சிலர் ஏறுகின்றனர். கல்லூரி அணியும் அவ்வாறே. பட்டப் படிப்பு மூன்று ஆண்டு. சிலவற்றுக்கு நான்கு ஆண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஆண்டுதோறும் மூவரோ நால்வரோ விடைபெற்றே தீர வேண்டும். சட்டையில் கல்லூரியின் பெயர் அதேதான். சட்டைக்குள் இருக்கும் ஆள் வேறு. ஆகவே, "போன வருஷம் அரை இறுதி" என்பது இவ்வாண்டு ஆடப்போகும் அணியைப் பற்றிய செய்தியன்று. பாதிக்குப் பாதி, இறங்கிப் போய்விட்ட பிரயாணிகளைப் பற்றிய செய்தியாகும்.

இதனை உணர்ந்த ரசிகன் வெற்றிப் பட்டியலை விட்டுவிட்டு வேறு சில கேள்விகளைக் கேட்பான். போனவர் யார்? அவர் செய்த வேலை என்ன? கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர் ஐவரே. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து வரும்போது அதைப் பிடிக்கும் உயரமானவர் போய்விட்டால் அந்த இழப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுக்க வேண்டுமென்று தீர்மானிக்கும் சிறிய உருவத்துக்காரர் போய்விட்டால், அது உடனே தெரிவதில்லை. சர்வதேச விதிப்படி, பந்து கைக்கு வந்த 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அந்த 24 விநாடியை அறிந்து பங்கிட்டவர் அவர். அவர் போனபின் மற்ற நால்வரும் திறமை குறைந்தவர்கள் போலத் தோன்றுவர். குறைந்தது அவர்கள் திறமையன்று. அவர்களுக்குக் கிடைத்துவந்த அவகாசம்.

அடுத்த கேள்வி, தங்கியிருப்பவர் விடுமுறையில் என்ன செய்தார் என்பது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இரண்டு மாதம் என்பது சிறிய காலமன்று. ஒருவன் மாமா வீட்டில் உண்டு உறங்கித் திரும்பியிருப்பான். மற்றொருவன் தினமும் விடியற்காலையில் ஆளில்லாத களத்தில் முந்நூறு முறை கூடைக்குக் குறிபார்த்திருப்பான். போன ஆண்டின் புள்ளிக் கணக்கில் இருவரும் சமமே. இவ்வாண்டு களம் அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும். இந்தக் கேள்விக்கு ஹேஷ்யம் கூறுவோரிடம் விடை இல்லை. ஏனெனில் அந்த விடியற்காலையில் அவர்கள் யாரும் அங்கே இல்லை.

பல்கலைக்கழக அணிகளின் பாதையும் நீண்டது. கல்லூரிகளுக்கிடையே ஆட்டம், அதில் சிறந்தவர்களிலிருந்து பல்கலைக்கழக அணித் தேர்வு, பிறகு தென் மண்டலப் போட்டி, அதில் மேலிடம் பெற்ற அணிகளுக்கே அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. 2022ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நம் பெங்களூரில் நடைபெற்றன. ஜெயின் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்று நடத்தியது. இவ்வளவு படிகளையும் கடக்க வேண்டிய அணியின் முடிவைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று சொல்லிவிடுவதென்றால், அது அசாத்தியத் துணிச்சல்தான்!

இத்துணிச்சல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இந்த ஆட்டம் பிறந்த அமெரிக்காவில் அது ஒரு பெரும் திருவிழாவாகவே நடக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இதனை உண்டாக்கினார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக, பழம் போடும் இரு கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குவது அதுவே. ஆகவே நம் பிள்ளைகள் ஆடும் இந்த ஆட்டம், கல்விச் சாலையில் பிறந்து, கல்விச் சாலையின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த ஆட்டம்.

நெய்ஸ்மித்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவர் பிற்காலத்தில் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அவர் காலத்தில் அவ்வணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே! ஆட்டத்தைப் படைத்தவருக்கே அதன் முடிவு வசப்படவில்லை என்றால், பார்த்து நிற்கும் நமக்கு எவ்வாறு வசப்படும்?

அமெரிக்கக் கல்லூரி ஆட்டப் பருவம் நவம்பரில் தொடங்கும். அதற்கு முன்பே பத்திரிகை நிருபர்கள் வாக்களித்து, முதல் 25 அணிகளின் வரிசையை வெளியிடுவர். ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாதிடுவர். 2022ஆம் ஆண்டில் அவ்வரிசையின் உச்சியில் நின்றது வடக்கு கரோலினா பல்கலைக்கழகம். காரணம் வலுவானதே. அதற்கு முந்திய பருவத்தின் இறுதி ஆட்டம் வரை வந்து, கான்சாஸிடம் 69க்கு 72 என்று மூன்றே புள்ளியில் தோற்ற அணி அது. மேலும் அதன் முதல் ஐவரில் நால்வர் போகாமல் தங்கியிருந்தனர். நாம் மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் நல்ல விடை வைத்திருந்த அணி! ஆயினும் 20 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்று, பருவ முடிவில் நடக்கும் பெரும் போட்டிக்கு அழைப்பே பெறாமல் வீட்டில் இருந்தது. 1985இல் அப்போட்டி 64 அணிகளுக்கு விரிவாக்கப்பட்டபின், தொடக்க வரிசையில் முதலிடம் பெற்ற ஓர் அணிக்கு அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை.

அந்தப் பெரும் போட்டியைப் பற்றி ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில் 64 அணிகளின் முழு அட்டவணை வெளிவந்ததும், ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று இலட்சக்கணக்கானோர் எழுதி வைப்பர். ஆட்டங்கள் 63. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல எத்தனை வகை இருக்கின்றன தெரியுமா? சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று கேட்ட கதையை நாம் அனைவரும் அறிவோம். அரசனின் களஞ்சியத்தை வெறுமையாக்கிய அந்தக் கதையில், அறுபத்து நான்காம் கட்டத்தில் மட்டும் எத்தனை நெல் வருமோ, அத்தனை வகை! சுமார் 92,233 கோடி கோடி. 2019ஆம் ஆண்டில் ஒருவர் முதல் 49 ஆட்டங்களை ஒன்று விடாமல் சரியாகச் சொல்லிவிட்டார். ஐம்பதாவது ஆட்டத்தில் அவருடைய ஆரூடம் பொய்த்தது. சரிபார்க்கப்பட்ட ஆரூடங்களில் அவ்வளவு தூரம் வந்தவர் அவருக்கு முன் எவரும் இல்லை.

ஆனால் ஹேஷ்யம் பொய்ப்பது வேடிக்கை மட்டும் அன்று. சில வேளைகளில் அது ஆட்டக்காரர் தலையில் பாரமாக இறங்கும். அப்போட்டியின் நான்கு பிரிவுகளிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை இடம் கொடுப்பர். முதலிடத்து அணி பதினாறாம் இடத்து அணியிடம் தோற்றதாகச் சரித்திரமே இல்லாதிருந்தது. 135 முறை ஆடி 135 முறையும் முதலிடத்து அணிகளே வென்றிருந்தன. 2018 மார்ச் மாதத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 54க்கு 74 என்று இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்று அந்தச் சரித்திரத்தை உடைத்தது. அந்த இளைஞர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபது வயது, தேசம் முழுவதும் தோல்வியைக் கண்டிருக்கிறது, பிறகு வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும். அவர்களில் பலர் அணியிலேயே இருந்தனர். மறு ஆண்டு, 2019இல், அரை இறுதியில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மிஞ்சியிருக்கையில், இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், கைல் கய் என்ற இளைஞருக்கு மூன்று தனி எறிகள் கிடைத்தன. மூன்றையும் கூடையில் இட்டார். 63க்கு 62 என்று வென்ற அவ்வணி, இறுதியாட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியை 85க்கு 77 என்று வீழ்த்தி முடிசூடியது. ஓராண்டுக்கு முன் அவமானப்பட்டவர்களே அவர்கள்.

இன்னும் பழைய வரலாறு ஒன்று. 1965ஆம் ஆண்டு நவம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகம்தான் வெல்லும் என்று வரிசையிட்டோர் கூறினர். முந்திய இரண்டு ஆண்டும் வாகை சூடிய அணி அது. அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அனுமதியில்லை. ஆகவே முதலாண்டு மாணவர் அணி ஒன்று தனியே இருந்தது. இரண்டுக்கும் ஓர் ஆட்டம் வைத்தனர். முதலாண்டுப் பிள்ளைகள் 75க்கு 60 என்று தங்கள் அண்ணன்மாரைத் தோற்கடித்துவிட்டனர்! அப்பிள்ளைகளுள் ஒருவர் லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்தவர்.

அந்தப் பருவத்தில் இறுதியாக வென்றது யார்? மெக்சிகோ எல்லையில் உள்ள எல் பாசோ நகரத்தின் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்களையே பேசிக்கொண்டிருந்தவர்கள் பொருட்படுத்தாத எல்லையோர ஊர். அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ், 1966 மார்ச் 19 அன்று இறுதியாட்டத்தில் ஐந்து கறுப்பின இளைஞர்களைத் தொடக்க ஆட்டக்காரர்களாக நிறுத்தினார். எதிரே நின்ற கென்டக்கி அணியில் அனைவரும் வெள்ளையர். இறுதியாட்டத்தில் ஓர் அணி அவ்வாறு ஐவரை நிறுத்தியது அதுவே முதன்முறை. 72க்கு 65 என்று டெக்சாஸ் வெஸ்டர்ன் வென்றது. ஆரூடம் கூறுவோர், தாம் ஏற்கெனவே அறிந்த பெயர்களுக்குள்ளேயே தேடுவர். தாம் கணக்கில் சேர்க்காத மனிதர்களைப் பற்றி அவர்களால் ஒன்றும் கூற இயலாது. எல்லையோரத்தில் வாழும் நாம் இதை மறத்தல் தகாது.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம் வீடுகளிலும் ஓர் ஆரூடம் நடந்துகொண்டிருக்கிறது. "இந்தப் பந்து சோறு போடாது" என்பது அதன் வாசகம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து, தொழிற்சாலையில் இரவு பகல் முறை மாறி உழைத்து, வாடகையும் கல்லூரிக் கட்டணமும் கட்டும் தந்தை அவ்வாறு சொல்வதில் நியாயம் உண்டு. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண், அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறாள். பயிற்சி முடிந்து வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு. தந்தை ஐந்து ஆண்டுக்குப் பின் நடக்கப்போவதைக் கணிக்கிறார். மகள் அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் கேட்கிறாள்.

அத்தந்தைக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை என்ற பெண்மணி, பதினெட்டு ஆண்டு இந்தியக் கூடைப்பந்து அணிக்காக ஆடியவர். அதற்குத் தலைமையும் தாங்கியவர். தெற்கு ரயில்வேயில் பணியாற்றுபவர். 2021ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 2017 ஜூலையில் பெண்களுக்கான ஆசியக் கோப்பைப் போட்டி நம் பெங்களூரிலேயே நடந்தபோது, இரண்டாம் பிரிவில் இருந்த இந்திய அணி, கசகஸ்தானை 75க்கு 73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வணியிலும் அவர் இருந்தார். அவர் சிறுமியாகப் பந்தைத் தட்டிய நாளில் இவற்றை எந்த ஜோசியர் கூறியிருக்க முடியும்?

அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. இடங்கள் மிகச் சில. ஆடுவோர் எல்லாரும் அனிதா பால்துரை ஆகப் போவதில்லை. பெரும்பாலோர் மூன்று ஆண்டு ஆடிவிட்டு, சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கெழுதவோ கணினியின் முன் அமரவோ போய்விடுவர். அவர்களுக்கு மிஞ்சுவது என்ன? தோற்ற மறுநாளும் பயிற்சிக்குப் போகக் கற்ற மனம். தனக்கு முன் ஆடியவரின் இடத்தில் நின்று, தனக்குப் பின் வருபவருக்கு அதை விட்டுக்கொடுக்கும் பக்குவம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவை சிறிய சொத்தா?

ஆகவே பெற்றோருக்கு என் யோசனை இதுதான். ஐந்து ஆண்டுக் கணிப்பை ஒத்திவைத்து, ஓராண்டுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பாடங்களில் தேர்ச்சி குறையக்கூடாது. பயிற்சி முடியும் நேரத்தைப் பயிற்சியாளரிடமே நேரில் கேட்டறிய வேண்டும். இரவில் பெண் தனியே வராமல், இத்திசையில் வரும் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து வர ஏற்பாடு செய்யலாம். நிறுத்தத்தில் நிற்பது நம்மில் எவராலும் முடியும். காலணியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். குதித்து இறங்கும் ஆட்டத்தில் கணுக்கால் பிசகினால் பருவமே போய்விடும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது கையில் ஹேஷ்யம் இராது. கண்ட உண்மை இருக்கும்.

ரசிகர்களாகிய இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கணித்துப் பேசுங்கள், அதில் இன்பம் இருக்கிறது. ஆனால் கோப்பை நமக்கே என்று அணியைத் தூக்கி நிறுத்தியவர்களே, முதல் தோல்வியன்று அதே ஆட்டக்காரனை ஏளனம் செய்வது முறையன்று. ஆரூடம் சொல்ல வருபவர் பலர். மண்டலப் போட்டியின் முதல் சுற்றில், வேலை நாள் காலையில், காலியான படிகளில் வந்து உட்காருபவர் சிலர். அணிக்கு வேண்டியவர் இரண்டாம் வகையினர்.

அந்தப் பெண் தேர்வுக்குப் போகிறாள். ஓராண்டு ஒப்பந்தத்துக்குத் தந்தை இசைந்திருக்கிறார். அவள் தேர்ந்தெடுக்கப்படுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அணி ஆடும் நாளை மட்டும் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க எண்ணம். உடன் வர விரும்பும் அன்பர்கள் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம்.